கிணற்றில் கேட்டது

வாளி மேலே வருவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. செவந்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியை இழுத்துக் கிணற்று விளிம்பில் வைத்தாள். தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேலே முந்திரிச் சருகும் செத்த எறும்புகளும் ஒரு கோழிச் சிறகும் மிதந்தன. போன வாரம் வரை, கந்தர்வக்கோட்டைச் சந்தைக்குப் போகிற வண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். இப்போது வாளியைத் தொட்டியில் கவிழ்த்தால் பசுமாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு இருக்கிற ரோஷம் தனக்கு இருந்தால் தாகத்தில் சாக வேண்டியதுதான் என்று செவந்தி நினைத்துக்கொண்டாள்.

ஐம்பத்தைந்தாம் வருஷத்துக் கார்த்திகைப் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. வேப்பங்கொல்லை ஊருக்கு மேற்கே இருந்த கண்மாய் உடைந்து, ஊருக்கும் இந்த மேட்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வயல், வண்டித்தடம், வாய்க்கால் எல்லாம் ஒரே வெள்ளமாகக் கிடந்தன. மேட்டில் இருந்ததால் வீடு பிழைத்தது. கொல்லைப்புறம் சரிவில் இருந்த கிணறு பிழைக்கவில்லை. வெள்ளம் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கி, போகும்போது தன் அழுக்கை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் கரையில் ஊர்க்காரர்கள் எறும்பளவுக்குத் தெரிந்தார்கள். கூப்பிட்ட குரல் போய்ச் சேரவில்லை. செவந்தியின் புருஷன் மலையாண்டி புயலுக்கு முன்பே முந்திரிப்பருப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போயிருந்தான். அவன் உயிரோடுதான் இருப்பான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். எதற்குமே அவசரப்படாத மனுஷன் அதற்கு மட்டும் ஏன் அவசரப்படப் போகிறான்.

மேட்டில் ஒரே வீடுதான். ஆனால் அதற்குள் குடும்பம் இரண்டு. மலையாண்டியும் அவன் அண்ணன் ஆண்டியப்பனும் பாகம் பிரித்துக்கொண்டபோது பஞ்சாயத்துப் பேச வந்தவர்கள் மாட்டைப் பிரித்தார்கள், முந்திரித் தோப்பைப் பிரித்தார்கள், அம்மியையும் உரலையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். கிணறு வந்ததும் திகைத்து நின்றுவிட்டார்கள். கடைசியில் ஒருவர், கிணறு பொது, வீடுதான் தனித்தனி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார். கொத்தனார் சவரியப்பன் வீட்டின் நடுவே எழுப்பிக்கொண்டு வந்த சுவரைக் கிணற்றங்கரையில் நிறுத்தவில்லை. கிணற்று வாயின் குறுக்கே ஒரு நீளக் கல்லைப் போட்டு அதன் மேலேயே சுவரைக் கட்டி அந்தப் பக்கத்து வேலிவரைக்கும் கொண்டுபோய் முடித்தான். இந்தப் பக்கம் பாதி வாய், அந்தப் பக்கம் பாதி வாய். இங்கே ஒரு ராட்டினம், அங்கே ஒரு ராட்டினம். சுவர் மேலேதான், கல்லுக்குக் கீழே தண்ணீர் ஒன்று. ஒருத்தி வாளியை இறக்கினால் மற்றவள் பக்கம் அலை வரும். ஒருத்தி இருமினால் மற்றவளுக்குக் கேட்கும்.

அந்தப் பக்கம் இருந்தவள் ஆண்டியப்பனின் பெண்டாட்டி பொன்னுத்தாய். ஆண்டியப்பன் இரண்டு வருஷத்துக்கு முன்பு பாம்பு கடித்துச் செத்துப்போனான். இப்போது அங்கே பொன்னுத்தாயும் அவள் ஒரே மகன் நாகராசுவும்தான். ஒரு காலத்தில் செவந்தி அவளை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுக் கிடையாது. ஆண்டியப்பன் சாவுக்குக்கூட செவந்தி சுவரின் இந்தப் பக்கமே உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க அவளைக் காறித் துப்பியது. துப்பட்டும் என்று இருந்துவிட்டாள்.

அவள் கணக்கில் அது நியாயம்தான். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் மறுவருஷம் ஊரில் வாந்திபேதி வந்தது. முதலில் மலையாண்டியைப் பிடித்தது, அடுத்து அவர்கள் மகள் முத்துமாரியம்மாளை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இந்தப் பக்கம் நோய் வந்தது தெரிந்ததும் பொன்னுத்தாய் புருஷனை அனுப்பி, செவந்தி பக்கத்து ராட்டினத்தையும் கயிற்றையும் வாளியையும் கழற்றிக்கொண்டு போகச் சொன்னாள். நோய் விழுந்த வீட்டு வாளி கிணற்றில் இறங்கக் கூடாது என்றாள். கருவேல முள்ளை வெட்டி வந்து பாதிக் கிணற்றின் வாயை அடைத்தார்கள். தடுக்க வேண்டியவன் பாயில் கிடந்தான். செவந்தி மாடு குளிப்பாட்டுகிற குட்டையில் போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள்.

அன்று நடந்த ஒன்றை அவள் கண்ணை மூடினால் இப்போதும் பார்ப்பாள். நாகராசுவும் முத்துமாரியும் சின்ன வயதிலிருந்து ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். கயிற்றில் ஒரு தகரக் குவளையைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டினால் அது கல்லுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போகும். கொடுக்காப்புளி, வறுத்த முந்திரி, திருடின வெல்லம் எல்லாம் அப்படித்தான் போய்வரும். வாங்கிக்கொண்டவர் கயிற்றை இரண்டு தரம் சுண்டினால் இழுத்துக்கொள் என்று அர்த்தம். கிணற்றை அடைத்த மறுநாள் நாகராசு ஒரு செப்புக்குடத்தில் தண்ணீர் மொண்டு, கயிற்றை ஆட்டிக் கல்லுக்கு அடியில் இந்தப் பக்கம் அனுப்பினான். அவனுக்கு அப்போது பதினான்கு வயதிருக்கும். செவந்தி முள்ளுக்குள் கையை விட்டாள். மணிக்கட்டெல்லாம் கிழிந்தது. குடத்தின் விளிம்பு அவள் விரலில் பட்டது. அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் பொன்னுத்தாய் வந்தாள். மகன் கையில் இருந்த கயிற்றை அரிவாளால் ஒரே போடாகப் போட்டு அறுத்தாள். குடம் தண்ணீருக்குள் போய்விட்டது. அன்று சாயங்காலம் முத்துமாரியும் போய்விட்டாள்.

குடம் இன்னும் கிணற்றுக்கு அடியில்தான் கிடக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றும்போது அதன் கழுத்து தெரியும். தூர் வார ஆள் வந்தால் அதை எடுக்கக் கூடாது என்று செவந்தி சொல்லிவிடுவாள். அது அங்கேயே கிடக்கட்டும், பொன்னுத்தாயும் கோடைக்குக் கோடை பார்க்கட்டும்.

புயலுக்குப் பிறகு மழை இருந்தவரை தண்ணீருக்குக் கவலை இல்லை. செவந்தி வெளுத்த வேட்டி ஒன்றை நான்கு மூலையிலும் கம்பு நட்டுக் கட்டி, நடுவில் கழுவிய கூழாங்கல்லை வைத்து, கீழே அண்டாவை வைத்துப் பிடித்தாள். மழை நின்றது, அண்டாவும் தீர்ந்தது. அப்புறம் இந்தக் கிணற்றை விட்டால் வழியில்லை. அவள் வாளித் தண்ணீரை நான்காக மடித்த சேலையில் வடிகட்டினாள். பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைச் சந்தனம் மாதிரி இழைத்து, தண்ணீரை ஊற்றி, ஒரு பொழுது அசையாமல் வைத்தாள். வண்டல் கனத்த சேறாக அடியில் படிந்தது. மேலே தெளிந்ததை அகப்பையால் அலுங்காமல் மொண்டு அடுப்பில் ஏற்றினாள். கண்ணுக்குத் தெளிந்தால் போதாது, கொதித்து அடங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுப்பு எரிந்ததுதான் அதிசயம். மேட்டில் கிடந்த சுள்ளி, விராட்டி எல்லாம் ஊறிப்போயிருந்தன. பொன்னுத்தாய் பக்கம் கூரையே பாதி போய்விட்டது; அங்கே புகை வந்து நாளாயிற்று. செவந்தியிடம் மட்டும் பரணில் சாக்குச் சாக்காக முந்திரிக்கொட்டை ஓடு இருந்தது. கொட்டை வறுத்து உடைப்பது அவள் பிழைப்பு. அந்த ஓட்டில் எண்ணெய் இருக்கிறது, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொண்டு எரியும். புகை மட்டும் கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். காற்று அடிக்கிற திசையைப் பார்த்து, புகை சுவர் தாண்டிப் போகிற இடமாக அவள் அடுப்பை நகர்த்தி வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் இருமல் கேட்டது. கேட்கட்டும் என்றுதானே வைத்தது.

அவளுக்கு அது ஒரு திருவிழாவாகவே இருந்தது. தண்ணீர் கொதித்ததும் மூடியை ஓங்கி வைப்பாள். ஆறின தண்ணீரைக் கிணற்றோரம் கொண்டுபோய் ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்கு உயரத் தூக்கி ஊற்றுவாள், அந்தச் சத்தம் கல்லுக்கு அடியில் போகட்டும் என்று. இந்த வீட்டில் தெளிந்த தண்ணீர் இருக்கிறது, அந்த வீட்டில் இல்லை. ஆறு வருஷத்தில் சாமி ஒரே ஒரு தரம் தன் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறது. பொன்னுத்தாய் கேட்பாள். கேட்டுத்தான் ஆக வேண்டும். என்ன பதில் சொல்வது என்று செவந்தி ஓடு அள்ளும்போதும் அரிசி களையும்போதும் யோசித்து வைத்திருந்தாள். முள்ளை வெட்டிக்கிட்டு வாரேன், கொஞ்சம் இரு என்று சொல்லலாம். ஒன் மகனை விட்டுக் குடம் அனுப்பச் சொல்லு என்று சொல்லலாம். ஒன்றுமே சொல்லாமல் தண்ணீரை மண்ணில் ஊற்றலாம். கடைசியில் சொன்னதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் பொன்னுத்தாய் கேட்கவில்லை. அவளும் அதே கிணற்றில் வாளியை விட்டாள். ராட்டினம் கிறீச்சிட்டது, வாளி தண்ணீரில் விழுந்தது, மேலே போனது. காய்ச்சுவதற்கு அங்கே நெருப்பு இல்லை என்பது செவந்திக்குத் தெரியும். அப்படியே குடிக்கிறாள். அதை மேற்கொண்டு நினைக்க அவளுக்கு இஷ்டமில்லை. போய் ஒரு கூடை ஓட்டை அள்ளி அடுப்பில் போட்டாள்.

பிறகு நாகராசுவுக்கு வந்தது.

முதலில் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் வேலியோரம் போவதும் வருவதுமாகக் காலடி. வர வர அந்தக் காலடி தேய்ந்து இழுபட்டது. பொழுது சாய்வதற்குள் நடக்கிற சத்தமே நின்றுவிட்டது. மறுநாள் காலையில் செவந்தி வாளியை இறக்கப் போனபோது கிணற்றுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. அந்தப் பக்கம் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு பேசினாலும் கிணறு அதை வாங்கிக் கொண்டுவந்து கொடுத்துவிடும்.

"ஆத்தா, ஒரு வாய் தண்ணி குடு ஆத்தா."

"வேணாம்டா என் சாமி. பேதி போறப்ப தண்ணி குடிச்சா இன்னும் போகும்டா. கொஞ்சம் பொறுத்துக்க, நின்னுரும்."

செவந்தி வாளியை இறக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அந்த வார்த்தைகள் அவளுக்குத் தெரியும். ஒன்றுகூட மாறாமல் தெரியும். அவளே சொன்னவைதான் அவை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மலையாண்டியிடம்கூட. முத்துமாரி தண்ணீர் தண்ணீர் என்று அரற்றிய அன்று வீட்டில் தண்ணீர் இருந்தது. குட்டையிலிருந்து கொண்டுவந்து, வடிகட்டி, தேத்தாங்கொட்டை போட்டுத் தெளியவைத்த தண்ணீர் அரைப்பானை இருந்தது. வாந்திபேதிக்காரருக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது ஊரில் எல்லாரும் சொன்னது, எல்லாரும் செய்தது. அவளும் செய்தாள். பிள்ளையின் உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பானையைக் கண்ணில் படாத இடமாக மூலையில் நகர்த்தி வைத்தாள். நாகராசு அனுப்பிய குடத்துக்குக் கையை நீட்டியதுகூடத் துணி அலசத்தான். இரண்டு நாள் கழித்து மலையாண்டியை வண்டியில் போட்டுப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கீற்றுக் கொட்டகையில் வரிசையாகப் படுக்க வைத்து, கண்ணாடிப் புட்டியிலிருந்து குழாய் வழியாகக் கைக்குள் எதையோ இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது என்ன மருந்து என்று அவள் அங்கிருந்த கம்பவுண்டரிடம் கேட்டாள். உப்புத் தண்ணிம்மா, வேற ஒண்ணும் இல்ல, ஒடம்புல இருக்கிற தண்ணி எல்லாம் போயிட்டா ஆளு செத்துப்போயிரும்ல, வாயால குடிக்க முடிஞ்சா நீயே உப்புப் போட்டுக் கஞ்சித்தண்ணி குடு என்று அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நிமிஷம் அவள் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாங்க முடியாத ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கிணற்றை அடைத்தவள் இருந்தாள், கயிற்றை அறுத்தவள் இருந்தாள். எல்லாவற்றையும் மொத்தமாக அவள் தலையில் இறக்கிவிட்டு, செவந்தி வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் அடுப்பு எரித்தாள், கொட்டை உடைத்தாள், மூச்சு விட்டாள். பொன்னுத்தாய் மேல் இருந்த கோபம் இல்லாவிட்டால் அவள் எப்போதோ அந்தக் கிணற்றிலேயே விழுந்திருப்பாள்.

இப்போது அந்தப் பக்கம் அதே மாதிரிப் பாயில் ஒரு பிள்ளை கிடக்கிறான். அதே வார்த்தையை ஒருத்தி சொல்கிறாள். செவந்தி கையை அழுக்காக்க வேண்டியதே இல்லை. முள் வெட்ட வேண்டாம், அரிவாள் தேட வேண்டாம். சும்மா இருந்தால் போதும். பொன்னுத்தாய் தன் கையாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வாள். பிறகு ஒரு நாள் அவளுக்கும் யாராவது ஒரு கம்பவுண்டர் சொல்வார். அவள் எந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று பார்க்கலாம். இப்படி நினைத்தபோது செவந்திக்கு உடம்பே குளிர்ந்து போனது. சந்தோஷத்தில்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்று முழுக்க அவள் சும்மா இருந்தாள். அடுப்பு மூட்டினாள், வடிகட்டினாள், தேத்தாங்கொட்டை இழைத்தாள். கஞ்சி வைத்துக் குடித்தாள். இறங்கவில்லை, ஆனாலும் குடித்தாள். அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது. ஆத்தா, தண்ணி. ஆத்தா, தண்ணி. காதில் விழாதபடி உலக்கையை எடுத்து, இடிக்க ஒன்றும் இல்லாத உரலை இடித்தாள். வெறும் உரல் இடிபடுகிற சத்தம் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. மறுநாளும் விடிந்தது. கேட்டுக்கொண்டிருந்த குரல் இப்போது நாக்கு ஒட்டிக்கொண்டு பாதிப் பாதியாக வந்தது. முத்துமாரிக்கும் கடைசியில் இப்படித்தான் ஆனது.

மத்தியானம் போல அந்தப் பக்கம் எதுவோ தரையில் உராய்கிற சத்தம் கேட்டது. பொன்னுத்தாய் வேலிப்பக்கம் அழுக்குத் துணியைப் போடப் போயிருக்க வேண்டும். உராய்கிற சத்தம் நின்று, நின்று, கிணற்றங்கரைக்கு வந்தது. செவந்தி எட்டிப் பார்த்தாள். வெள்ளத்தால் தண்ணீர் கை எட்டுகிற தூரத்தில் நின்றது. கல்லுக்கு அடியில், அந்தப் பக்கத்து வெளிச்சத்தில், தண்ணீர் மேல் ஒரு தலையின் நிழல் ஆடியது.

"சின்னாத்தா."

அவள் விளிம்பிலிருந்து தலையை இழுத்துக்கொண்டாள்.

"சின்னாத்தா... இருக்கீகளா... ஆத்தா தர மாட்டேங்குது. ஒரு வாய் தண்ணி அனுப்புங்க சின்னாத்தா. நான் அன்னைக்கி மாரிக்கு அனுப்புனேன்ல."

செவந்தி ஓடினாள். தான் ஓடுவது உள்ளே போய்த் தூக்குச்சட்டியை எடுத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. காலையில் வடித்த கஞ்சித்தண்ணீரில் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கலந்தாள். உப்புக்கல்லை நுணுக்கிப் போட்டு, கண்ணீர் அளவுக்குக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தாள். மூடியை அழுத்தி மூடி, கைப்பிடியில் கயிற்றை முடிந்துகொண்டு வெளியே வந்தபோது அந்தப் பக்கம் பொன்னுத்தாய் திரும்பி வந்திருந்தாள். மகனைக் கிணற்றங்கரையிலிருந்து இழுக்கிற சத்தமும் அவள் அழுகையும் சேர்ந்து கேட்டன.

"பொன்னுத்தாயி."

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. ஆறு வருஷமாக அந்தப் பெயர் இந்தப் பக்கத்திலிருந்து வந்ததில்லை. அதற்கு முன்பும் அக்கா என்றுதான் வந்ததே தவிர வெறும் பெயராக வந்ததில்லை.

"அவனுக்குத் தண்ணி குடு. குடுக்காட்டி தங்க மாட்டான். காய்ச்சினது இருக்கு, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி. அனுப்புறேன், வாங்கிக் குடு."

பதில் வந்தபோது அது பொன்னுத்தாயின் குரல் மாதிரியே இல்லை.

"பேதி போறவனுக்குத் தண்ணி குடுக்கச் சொல்றியா நீ? யாருகிட்ட சொல்ற? இத்தன வருசமா கருவிக்கிட்டு இருந்தது இதுக்குத்தானாடி? என் ஒத்தப் பிள்ளைய என் கையாலயே கொல்ல வைக்கப் பாக்குறியா?"

செவந்தி யோசித்து வைத்திருந்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தாது. ஆறு வருஷம் ஊட்டி வளர்த்த பகை இப்போது வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. எந்த உண்மையைச் சொன்னாலும் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று பார்க்க நேரம் இல்லை.

"கொல்லணும்னா நான் வாயத் தொறந்திருக்கவே வேணாமேடி! சும்மா இருந்தாலே போதுமே! நேத்தெல்லாம் சும்மாத்தான் இருந்தேன். அவன் கேட்டது அம்புட்டும் எனக்கும் விழுந்துச்சு. ஒனக்கு நல்லா வேணும்னு உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அந்தப் பக்கம் நாகராசு எதையோ முனகினான். பிறகு பொன்னுத்தாய் கேட்டாள். கத்தவில்லை. சந்தையில் படி என்ன விலை என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அப்ப நீ ஒன் மகளுக்குக் குடுத்தியா?"

கல்லின் மேல் எழுப்பிய சுவரில் சவரியப்பன் பூசின சுண்ணாம்பு வெள்ளத்தில் பெயர்ந்து செங்கல் தெரிந்தது. செவந்தி அந்தச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குடுத்தேன் என்று சொல்லிவிடலாம். குடுத்தேன் என்று சொன்னால், அப்படியும் செத்துத்தானே போனாள் என்று அவள் தன் பிள்ளைக்குக் குடுக்க மாட்டாள். தண்ணீரே இல்லை, நீதான் அடைத்துவிட்டாயே என்று சொல்லலாம். ஆறு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னது அதுதான். சொல்லிச் சொல்லி அவளே பாதி நம்பியும்விட்டாள். அதைச் சொன்னால் மானம் தப்பும். அந்தப் பக்கம் அவன் தப்ப மாட்டான்.

"குடுக்கல."

செவந்தி சட்டியின் மூடியை இன்னொரு தரம் அழுத்தினாள்.

"அரைப்பானை இருந்துச்சு. தெளிஞ்ச தண்ணி. நீ சொல்ற மாதிரியேதான் நானும் சொன்னேன், பொறுத்துக்கன்னு. குடுக்கல. அதான் செத்தா." சொல்லி முடித்ததும் செவந்தி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஆனா நீ கயித்த அறுத்தது அறுத்ததுதான். அத நான் விடல. சாகுற வரைக்கும் விட மாட்டேன். இப்ப இத வாங்கு."

தூக்குச்சட்டியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். தண்ணீரைத் தொடாமல் நிறுத்தி, ஒரு கையால் கயிற்றை ஆட்டினாள். முதல் ஆட்டத்தில் அது கல்லில் இடித்துத் திரும்பியது. இரண்டாவதில் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய், யாரும் பிடிக்காமல் திரும்பி வந்தது. மூன்றாவது தரமும் திரும்பி வந்தது. பிள்ளைகள் எவ்வளவு சுளுவாக இதைச் செய்தார்கள். நான்காவது தரம் ஆட்டியபோது சட்டி திரும்பி வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு கை அதைப் பிடித்திருந்தது.

கயிறு கல்லுக்கு அடியில் விறைத்து நின்றது. அந்தக் கை யாருடையது என்று இங்கிருந்து தெரியவில்லை. அவளுக்கு அன்றைய அரிவாள் ஞாபகம் வந்தது. கயிற்றை விட்டுவிடலாமா, இன்னும் இறுக்கலாமா என்று தெரியாமல் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். முள் கிழித்த பழைய தழும்பு மேலேயே கயிறு பதிந்தது. இதை அவள் குடுப்பாள் என்பதற்கு என்ன நிச்சயம். நம்பியிருப்பாளா. தன்னையே இப்போது யாராவது பார்த்தால் நம்புவார்களா. குடிக்கிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தாள். அந்த நேரம் பார்த்து முந்திரித் தோப்பில் காற்று எழுந்தது. நின்றிருந்த மழை மறுபடியும் தூற ஆரம்பித்தது.

கயிறு இரண்டு தரம் சுண்டியது.

செவந்தி இழுத்தாள். தூக்குச்சட்டி கனமில்லாமல் வந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள், காலியாக இருந்தது. அடியில் கஞ்சி ஒரு கோடு ஒட்டியிருந்தது. குடித்தானா, அல்லது அவள் அதைக் கிணற்றிலேயே கொட்டிவிட்டு வெறும் சட்டியை அனுப்பினாளா. கொட்டியிருந்தால் இந்தப் பக்கம் வளையம் வரும். எட்டிப் பார்த்தாள். கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் முழுக்கத் தூற்றல் விழுந்து வளையம் வளையமாக விரிந்து ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டிருந்தது. எதுவும் தெரியவில்லை.

அவள் கயிற்றை மணிக்கட்டிலிருந்து அவிழ்க்காமலே அடுப்புக்கு நடந்தாள். ஒரு கை முந்திரி ஓட்டை அள்ளிப் போட்டு, புகையிலிருந்து முகத்தைத் திருப்பாமல், சட்டியை மறுபடி நிரப்பினாள்.